கிளேபோர்ன் பண்ணை: பெயருக்குக் காசு கொடுக்கலாமா?

கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்ற சிற்றூருக்கு வெளியே, ஹான்காக் குடும்பம் 1910 முதல் நடத்திவரும் பந்தயக் குதிரைப் பண்ணை கிளேபோர்ன். பரப்பு சுமார் 3,000 ஏக்கர். அங்கே காசு கொடுத்துப் பெறக்கூடியவை மூன்று: பொலிகுதிரையோடு உங்கள் பெட்டையை இணைசேர்ப்பது, பெட்டையையும் குட்டியையும் அவர்களிடமே விட்டு வளர்ப்பது, வெறுமனே பண்ணையைச் சுற்றிப் பார்ப்பது. மூன்றுக்கும் ஒரே பெயர்ப்பலகைதான் என்றாலும் அந்தப் பெயர் எதில் உண்மையாகவே காசு பெறும், எதில் வெறும் அலங்காரம் என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. புகழ்பெற்ற பந்தயக் குதிரை செக்ரெட்டேரியட் நின்ற லாயம் என்றதுமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயாராகிவிடுகிறார்கள்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டைகளை வைத்து வம்சம் கட்டுவதில் இந்தக் குடும்பத்துக்கு ஈடு சொல்ல ஆள் குறைவு. பொலிகுதிரை வரிசையில் பழைய கனம் இல்லை. குதிரைக்குக் குதிரை பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சுற்றுலா, கொடுக்கிற காசுக்கு மேலேயே தருகிறது.

குடும்பத்தின் தொடக்கம் கென்டக்கியில் இல்லை. கேப்டன் ரிச்சர்ட் ஹான்காக் வர்ஜீனியாவில் எல்லர்ஸ்லி என்ற பண்ணையில் குதிரை வளர்த்தவர். அவர் மகன் ஆர்தர், 1908இல் நான்சி கிளேயை மணந்தார். நான்சிக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த நிலம்தான் கிளேபோர்ன் ஆனது. அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே கால்சியமும் பாஸ்பரஸும் ஏறிய புல், அதைத் தின்று வளரும் குட்டிக்கு உறுதியான எலும்பு என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த மண் சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை பண்ணைகளுக்கும் பொது. ஹான்காக்குகள் தனித்து நின்றது, விலை உயர்ந்த பொலிகுதிரையைத் தனியாக வாங்காமல் கூட்டுச் சேர்ந்து வாங்கியதில்.

1925இல் பிரான்சிலிருந்து சர் காலஹாட் வந்தது அப்படித்தான். விலை 1,25,000 டாலர், பங்காளிகள் நான்கு பேர். அமெரிக்காவில் அதற்குப் பிறந்த முதல் ஈட்டுக் குட்டிகளில் ஒன்று கேலன்ட் ஃபாக்ஸ்; 1930இல் மும்மகுடம் (ஒரே ஆண்டில் கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் என்ற மூன்று பந்தயங்களும்) வென்றது. கேலன்ட் ஃபாக்ஸின் மகன் ஒமாஹா 1935இல் அதையே வென்றது. அமெரிக்காவில் தந்தையும் மகனுமாக மும்மகுடம் வென்ற ஜோடி இன்றுவரை இது ஒன்றுதான். இரண்டும் பிறந்தது கிளேபோர்னில். 1936இல் பிளென்ஹைமும் கூட்டாகவே வாங்கப்பட்டது. அதன் மகன் வேர்லவே 1941 மும்மகுடக் குதிரை. அடுத்த தலைமுறையில், 'புல்' ஹான்காக் என்று அழைக்கப்பட்ட இளைய ஆர்தர், 1950இல் நஸ்ருல்லாவைக் கொண்டுவந்தார். முரட்டுக் குணத்துக்குப் பேர்போன அந்தக் குதிரை அமெரிக்காவில் ஐந்து முறை முதலிடப் பொலிகுதிரையாக (அந்த ஆண்டில் குட்டிகள் அதிகப் பரிசுப்பணம் ஈட்டிய தந்தையாக) இருந்தது. அதன் மகன் போல்ட் ரூலர் எட்டு முறை.

1954 ஏப்ரல் 6 இரவு கிளேபோர்னில் இரண்டு குட்டிகள் பிறந்தன: போல்ட் ரூலரும் ரவுண்ட் டேபிளும். இரண்டுமே பின்னாளில் அந்த ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டம் பெற்றன, இரண்டுமே முதலிடப் பொலிகுதிரைகளாகவும் ஆயின. இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. போல்ட் ரூலரின் தாய் ஃபிப்ஸ் குடும்பத்துடையது, ரவுண்ட் டேபிளின் தாய் பண்ணையுடையது. இரண்டுக்கும் கிடைத்த கவனிப்பு ஒன்றே. அடுத்தவர் பெட்டை, நம் பெட்டை என்று பார்க்காத அந்த வழக்கத்தால்தான் ஃபிப்ஸ் போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கின.

கூட்டுமுறையின் கணக்கு எளிது. ஒரு பங்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு பெட்டையை அந்தக் குதிரையோடு சேர்க்கலாம், குதிரை பொலிக்கு நிற்கும் காலம் வரை. அந்த ஆண்டு பெட்டை இல்லையென்றால் உரிமையை மட்டும் விற்கலாம். அதைத்தான் 'சீசன்' என்கிறார்கள். 1973 பிப்ரவரியில், தந்தை புல் ஹான்காக் இறந்து ஐந்தே மாதத்தில், 23 வயது செத் ஹான்காக் செக்ரெட்டேரியட்டை 32 பங்குகளாகப் பிரித்து, ஒன்று 1,90,000 டாலர் என்று விற்றார். மொத்தம் 60,80,000 டாலர். அன்றைக்கு அது உலகச் சாதனை. மும்மகுடப் பந்தயங்கள் இன்னும் தொடங்கக்கூட இல்லை.

அதற்குப் பின்னால் நடந்ததைப் பங்கு வாங்க நினைக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வுபெற்று வந்த செக்ரெட்டேரியட்டின் விந்தைச் சோதித்தபோது முதிராத அணுக்கள் தென்பட்டன. பணம் போட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனம் அல்லாத பெட்டைகளோடு சோதனைக்காகச் சேர்த்துப் பார்த்தார்கள். லியோலா என்ற, அப்பலூசா இனப் பெட்டைக்கு 1974இல் பிறந்த ஃபர்ஸ்ட் செக்ரெட்டரிதான் அதன் முதல் குட்டி. இன்றும் புதுப் பொலிகுதிரையில் பங்கு வாங்கினால், இனவிருத்தித் திறன் தேறவில்லை என்றால் பணம் எப்படித் திரும்பும், காப்பீடு யார் பேரில், எத்தனை விழுக்காடு பெட்டைகள் சினைப்பிடித்தால் 'தேறியது' என்று கணக்கு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு உதவாது.

இனி, சீசன் வாங்குவோர் பார்க்க வேண்டியவை. கென்டக்கியில் வழக்கமான ஒப்பந்தம், குட்டி பிறந்து எழுந்து நின்று பால் குடித்தால்தான் கட்டணம் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சினையாக இருக்கும்போதே பெட்டையை விற்றால் கட்டணம் உடனே கட்ட வேண்டும் என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. நவம்பர் ஏலத்துக்குப் பெட்டையை அனுப்புகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். குட்டி எழுந்து நின்று, பால் குடித்து, மறுநாள் செத்தாலும் கட்டணம் கட்டத்தான் வேண்டும். அந்த இடைவெளிக்குத் தனிக் காப்பீடு எடுப்பது நல்லது. பணம் முழுக்கக் கட்டாமல் பொலிச் சான்றிதழ் கைக்கு வராது. அது இல்லாமல், இனப் பதிவேட்டை நடத்தும் ஜாக்கி கிளப்பில் குட்டியைப் பதிவு செய்ய முடியாது. பதிவில்லாத குட்டி பந்தயத்தில் ஓட முடியாது. குட்டி பிறந்த 30 நாளுக்குள் பிறப்பு அறிக்கை, பிறகு மரபணுச் சோதனை, மைக்ரோசிப் என்று வரிசையாக வேலை இருக்கிறது.

செயற்கைக் கருவூட்டலுக்குத் தரோபிரெட்டில் இடமே இல்லை. பெட்டை நேரில் வர வேண்டும். ஆகவே நேரம்தான் எல்லாம். வட அமெரிக்காவில் எல்லாத் தரோபிரெட் குட்டிக்கும் ஜனவரி 1 பிறந்தநாள். சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். பிப்ரவரி நடுவில் தொடங்கும் இணைசேர்ப்புக் காலத்தில் முன்னதாகச் சினைப்பிடித்தால், ஏலத்தில் நிற்கும்போது குட்டி வளர்ந்து தெரியும். பெட்டையோ இயல்பாகப் பகல் நீளும் காலத்தில்தான் ஒழுங்காகப் பருவத்துக்கு வரும். அதனால் டிசம்பர் முதல் வாரத்திலிருந்தே, இயற்கை வெளிச்சத்தையும் விளக்கையும் சேர்த்து நாளுக்கு 16 மணி நேர வெளிச்சத்தில் வைக்க வேண்டும். இது வேலை செய்ய 60 முதல் 70 நாள் ஆகும். ஜனவரியில் நினைவு வந்து விளக்குப் போடுகிறவர்களுக்கு ஏப்ரல் வரை காத்திருப்புதான்.

பருவச் சுழற்சி 21 நாள், அதில் பருவத்தில் இருப்பது 5 முதல் 7 நாள். டீசர் என்று ஒரு ஆண் குதிரையைக் காட்டிப் பெட்டையின் போக்கைப் பார்ப்பார்கள், பிறகு ஸ்கேன். சினைமுட்டைப் பை 35 மில்லிமீட்டரைத் தாண்டி மெத்தென்று ஆனதும் முட்டை வெளிவர ஊசி போட்டு, 36 முதல் 48 மணி நேரக் கணக்கில் இணைசேர்க்கும் கொட்டகையில் நேரம் பதிவு செய்ய வேண்டும். கேட்பு அதிகமுள்ள குதிரையென்றால் அந்த நேரம் கிடைக்காமல் போகலாம். அப்படிப் போனால் 21 நாள் வீண். கன்னிப் பெட்டைக்கும் போன ஆண்டு சினைப்பிடிக்காததற்கும் கருப்பைக் கிருமிச் சோதனை அறிக்கை இல்லாமல் வண்டியிலிருந்து இறக்கவே மாட்டார்கள். பிறப்புறுப்பின் வாயைத் தைத்திருந்தால் முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும்.

கொட்டகைக்குள் வேலை சில நிமிடம்தான். வாலைச் சுற்றிக் கட்டி, பின்பகுதியைக் கழுவி, பின்னங்கால்களுக்கு மெத்தை வைத்த காலணி மாட்டி, மேலுதட்டில் கயிற்று முறுக்குப் போட்டுப் பிடிப்பார்கள். பொலிகுதிரை கழுத்தைக் கடிக்கும் ரகமென்றால் தோல் கவசமும் உண்டு. வயதான பெட்டைகளுக்கு அதன்பின் கருப்பையில் நீர் தேங்கும். 4 முதல் 6 மணி நேரத்துக்குள் கழுவி, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் கொடுக்காவிட்டால் கரு தங்குவது சந்தேகம். 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் எடுப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. இரட்டைக் கரு இருந்தால் அதற்குள் ஒன்றை நசுக்கிவிட வேண்டும். 16 நாளுக்குப் பிறகு இரண்டும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் ஒன்றை மட்டும் பிரிப்பது கடினம். குதிரைக்கு இரட்டை என்றால் பெரும்பாலும் இரண்டும் போய்விடும். 28ஆம் நாள் வாக்கில் இதயத் துடிப்பு, பிறகு 42, 60 என்று மறுசோதனை.

இவை எல்லா நல்ல பண்ணைக்கும் பொதுவான நடைமுறை. எங்கே பதிவு செய்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த ஆண்டு இந்தக் குதிரைக்கு எத்தனை பெட்டை என்பதைத்தான். 32 பங்கு இருந்த காலத்தில் ஒரு பொலிகுதிரை ஆண்டுக்கு நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில்தான் சேரும். இப்போது சந்தையில் ஓடும் குதிரைகள் 200ஐத் தாண்டுகின்றன. 2020இல் ஜாக்கி கிளப் 140 என்று வரம்பு விதித்தது. பெரிய பண்ணைகள் சில நீதிமன்றம் போயின. 2022இல் விதி திரும்பப் பெறப்பட்டது. 200 பெட்டை என்றால் ஏலத்தில் அதே தந்தைக்குப் பிறந்த குட்டிகள் வரிசைகட்டி நிற்கும். விலை போவது மேலே உள்ள சில மட்டுமே. நடுத்தரப் பெட்டைக்குப் பிறந்த குட்டி கட்டணத்தைக்கூட மீட்காது.

கிளேபோர்னின் உண்மையான சொத்து தாய்வழியில் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த ரஃப் ஷாட் என்ற பெட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மகள் மொக்கசின், 1965இல் கிளேபோர்ன் நிறத்தில் (பண்ணையின் சொந்தக் குதிரையாக, அதன் சீருடை நிறத்தில்) ஓடி, இரண்டு வயதிலேயே ஆண்டின் சிறந்த குதிரை என்று வாக்கெடுப்புகளில் ஒன்றில் தேர்வானது. இன்னொரு மகள் தாங். தாங்குக்குப் பிறந்தது ஸ்பெஷல். ஸ்பெஷலின் மகன் நுரேயேவ்; மகள் ஃபேரி பிரிட்ஜ்; ஃபேரி பிரிட்ஜின் மகன் சாட்லர்ஸ் வெல்ஸ். பிரிட்டன், அயர்லாந்தில் 14 முறை முதலிடம் பிடித்த பொலிகுதிரை அது, கலிலியோ என்ற பொலிகுதிரையின் தந்தை. அயர்லாந்தின் பெருமை என்று பேசப்படும் ரத்தத்தின் அடிவேர் கென்டக்கியில் ஹான்காக் மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறது. செக்ரெட்டேரியட்டும் இதே பாடம்தான். அதன் ஆண் வாரிசுகள் சுமார். ஆனால் மகள்களின் வயிற்றில் ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட், கான் வெஸ்ட் பிறந்தன. அந்த மூன்றும் பொலிக்கு நின்றது வேறு வேறு பண்ணைகளில்.

ஆக, கிளேபோர்ன் ரத்தம் வேண்டுமென்றால் கிளேபோர்ன் பொலிகுதிரைக்குத்தான் காசு கட்ட வேண்டும் என்றில்லை. அந்தத் தாய்வழியில் வந்த ஒரு நடுத்தரப் பெட்டையை ஏலத்தில் எடுப்பது பெரும்பாலும் மலிவு, பயனும் நீளம்.

பெட்டையை அங்கே வளர்க்க விட்டால் என்ன பார்க்க வேண்டும்? கென்டக்கி மேய்ச்சலில் ஃபெஸ்க்யூ என்ற உயரப் புல் கலந்திருக்கும். அதற்குள் வாழும் பூஞ்சை சினைப் பெட்டைக்கு ஆகாது. பால் சுரக்காது, நஞ்சுக்கொடி தடித்துப் பிரசவத்தில் முன்னதாகவே கழன்று சிவப்புப் பையாக வெளியே வரும். உடனே கிழிக்காவிட்டால் குட்டி மூச்சுத் திணறிச் செத்துவிடும். கடைசி 60 முதல் 90 நாள் அந்தப் புல் இல்லாத மேய்ச்சலுக்கு மாற்றுகிறார்களா என்று கேளுங்கள். 2001 வசந்தத்தில் கென்டக்கி முழுக்கக் கருச்சிதைவு அலை அடித்தது. காட்டுச் செர்ரி மரத்தில் கூடு கட்டும் கம்பளிப்பூச்சிகளைப் பெட்டைகள் புல்லோடு தின்றதுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. வேலியோரச் செர்ரி மரங்களை வெட்டாத பண்ணை இன்றும் ஆபத்துதான். குட்டி பிறந்ததும் சீம்பாலை முதல் சில மணி நேரத்துக்குள் குடித்ததா, 18 முதல் 24 மணி நேரத்தில் ரத்தத்தில் நோயெதிர்ப்புப் புரதம் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமைத் தொட்டதா என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்மா ஏற்ற வேண்டும். இப்படி வரிவரியாகக் கேட்டுப் பதில் வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. நல்ல மேலாளர் முகம் சுளிக்க மாட்டார்.

குறைகள் இல்லாமல் இல்லை. 1972 செப்டம்பரில் புல் ஹான்காக் இறந்ததும் உயிலின்படி பந்தயக் குதிரைகள் ஏலம் போயின. அதில் 2,00,000 டாலருக்குப் போனது ஷாம். அடுத்த ஆண்டு டெர்பியில் செக்ரெட்டேரியட்டுக்கு அடுத்து வந்த குதிரை. பொறுப்பு இளைய மகன் செத்துக்குப் போனது. மூத்த மகன், மூன்றாம் ஆர்தர், விலகி ஸ்டோன் ஃபார்ம் என்ற பண்ணையை நடத்தினார். 1982இல் கேட்டோ டெல் சோல் மூலம் சகோதரர்களில் டெர்பியை முதலில் வென்றவர் அவர்தான். யாரும் சீண்டாத சண்டே சைலன்சை வளர்த்து 1989 டெர்பி வென்றவரும் அவரே. அந்தக் குதிரையை அமெரிக்காவில் கேட்பாரில்லாமல் ஜப்பானுக்கு விற்க, அங்கே 1995 முதல் 2007 வரை தொடர்ந்து 13 ஆண்டு முதலிடத்தில் இருந்தது. கிளேபோர்ன் நிறத்துக்கு டெர்பி வந்தது 1984இல், ஸ்வேல் மூலம். பெல்மான்ட்டையும் வென்ற எட்டாம் நாள் ஸ்வேல் இறந்துபோனது.

மிஸ்டர் ப்ராஸ்பெக்டர் 1999இலும், அன்பிரைடில்ட் 2001இலும், டான்சிக் 2006 தொடக்கத்திலும் என்று பெரிய பொலிகுதிரைகள் இறந்த பிறகு ஏற்பட்ட வெற்றிடத்தைப் பண்ணை முழுதாக நிரப்பவில்லை. ஃபார்ட்டி நைனர் என்ற பொலிகுதிரையை 1995இல் ஜப்பானுக்கு விற்றது அவசரம் என்றே சொல்வோம். விட்டுச்சென்ற மகன் டிஸ்டார்ட்டட் ஹியூமர் வேறு பண்ணைக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. சொந்தமாக வளர்த்த புல்பிட் நல்ல பொலிகுதிரைதான். ஆனால் அதன் மகன் டேப்பிட் 2014 முதல் 2016 வரை முதலிடம் பிடித்தது கெய்ன்ஸ்வே பண்ணையில். கிளேபோர்ன் பிடித்து வைத்த ஒரே பெரும் புள்ளி டான்சிக்கின் மகன் வார் ஃபிரண்ட். 2007இல் 12,500 டாலரில் தொடங்கி, 2017இல் 2,50,000 டாலருக்குப் போனது. பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. புல்தரையில் ஓடும் குட்டிகள்தான் அதன் பலம். அமெரிக்க மண் பந்தயத்தை மனத்தில் வைத்து அந்த உச்ச விலையைக் கொடுத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2010 பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தில் ஜென்யாட்டாவைத் தோற்கடித்த ஒரே குதிரையான பிளேம், பெயருக்கு ஏற்ற விலைக்குப் போகாமல் நியாயமான கட்டணத்தில் நின்றது. ஓடவிட்டு வளர்க்க நினைப்போருக்கு அந்த மாதிரிக் குதிரைதான் பொருத்தம். 2015இலிருந்து செத்தின் மகன் வாக்கர் ஹான்காக் தலைவர்.

சுற்றுலாவுக்கு முன்பதிவு கட்டாயம். லெக்சிங்டனிலிருந்து வடகிழக்கே காரில் அரை மணி நேரம். போல்ட் ரூலர், செக்ரெட்டேரியட், ஈஸி கோயர், அன்பிரைடில்ட் என்று அடுத்தடுத்து நின்ற ஒரே கொட்டில் இருக்கிறது. அது எந்தக் கதவு என்று கேட்டுப் பாருங்கள், வழிகாட்டி தானாகச் சொல்வதற்குள் கூட்டம் நகர்ந்துவிடும். அலுவலகத்துக்குப் பின்னாலுள்ள கல்லறையில் தலை, இதயம், குளம்புகள் மட்டும் புதைப்பதுதான் அங்கே வழக்கம். செக்ரெட்டேரியட்டை முழு உடலாகப் புதைத்தார்கள். நஸ்ருல்லா, பிரின்ஸ்குவில்லோ, போல்ட் ரூலர் என்று கற்களைப் படித்துக்கொண்டே போனால் இன்றைய ஏலப் புத்தகத்தின் வம்சாவளிகள் கண்முன் நிற்கும்.

மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், பொலிகுதிரையின் வாய்க்கருகே கை கொண்டுபோகாதீர்கள். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை கொட்டகை வேலை நடக்கும்; குதிரைகளை நெருங்கி நிதானமாகப் பார்க்க அது ஏற்ற காலம் அல்ல. பெட்டை வைத்திருப்பவர் அக்டோபர், நவம்பரில் போவது இரட்டை லாபம்: லெக்சிங்டன் ஏலங்களும் அப்போதுதான், அடுத்த ஆண்டுக் கட்டணப் பட்டியலும் அந்தச் சமயத்தில்தான் வெளியாகும்.